ஏலம் முடிந்தது, போட்டி எங்கே?

2024 ஜூன் 25 அன்று மத்திய அரசின் அலைக்கற்றை ஏலம் தொடங்கியது. 10,500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். அரசு குறித்திருந்த அடிப்படை விலைப்படி அதன் மதிப்பு 96,238 கோடி ரூபாய். மறுநாளே, ஏழே சுற்றுகளில் ஏலம் முடிந்துபோனது. விற்றது 141.4 மெகாஹெர்ட்ஸ், வந்த தொகை சுமார் 11,340 கோடி. ஏலம் கேட்க வந்தவர்கள் மூன்றே பேர்: ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா.

அதற்கு அடுத்த நாள், ஜூன் 27 அன்று, ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மற்ற இரண்டு நிறுவனங்களும் உடனே பின்தொடர்ந்தன. ஜூலை முதல் வாரத்துக்குள் மூன்றின் புதிய கட்டணங்களும் அமலுக்கு வந்துவிட்டன. உயர்வு திட்டத்துக்குத் திட்டம் மாறினாலும், பத்து சதவீதத்திலிருந்து இருபத்தைந்து சதவீதம் வரை இருந்தது.

மூவரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. சந்தையில் மூன்றே பேர் இருந்து, அதில் ஒருவர் கடனில் தத்தளிக்கும்போது கூடிப் பேசவேண்டிய தேவையே எழாது. முதலிடத்தில் இருப்பவர் விலையை ஏற்றினால் மற்றவர்களும் ஏற்றுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளருக்கும் தெரியும். நாட்டின் மொபைல் இணைப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்று இரண்டே நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

இந்த உயர்வு எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்க காஞ்சிபுரத்துக்கு வர வேண்டும். பிள்ளையார்பாளையத்தின் ஒரு நெசவாளர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கட்டில் குழித்தறி. கணவன் தறியில் உட்கார, மனைவி ஊடை சுற்றித் தருவார். கோர்வைச் சேலை என்றால் கரை வாங்கிப் போட இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும். ஒரு சேலையை அறுத்துச் சங்கத்திலோ முதலாளியிடமோ கொடுத்தால்தான் கூலி. வேலைப்பாடு கூடிய சேலைக்கு இரண்டு மூன்று வாரமும் ஆகும். டிசைன் வாட்ஸ்அப்பில் வருகிறது. கரை நிறம் சரியா என்று படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறார்கள். கூலிப் பணம் வந்த செய்தியும் அதே போனில். மகளின் கல்லூரி வகுப்புக் குழுவும் கேஸ் பதிவும் ஆதார் ஓடிபியும்கூட அதில்தான். ஒரு வீட்டில் மூன்று சிம் என்பது இன்று ஆடம்பரமே இல்லை.

அந்த மூன்று சிம்களையும் உயிரோடு வைத்திருக்க என்ன செலவாகும்? 2018 இறுதியில் பெரிய நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ற முறையைக் கொண்டுவந்தபோது தொகை 35 ரூபாய். ஏர்டெலில் அது 2021 ஜூலையில் 79 ஆனது, அதே ஆண்டு நவம்பரில் 99 ஆனது, 2024 ஜூலையில் 199-ஐத் தொட்டது. 35 ரூபாய்த் திட்டத்தில் கிடைத்தது கொஞ்சம் பேசும் நேரமும் சிறிதளவு டேட்டாவும்தான், இன்று வரம்பில்லாத அழைப்பும் 2 ஜிபி டேட்டாவும் சேர்ந்து வருகின்றன என்பது உண்மை. ஆனால் இன்கமிங் மட்டும் போதும் என்று இருந்தவருக்கு அந்த வாசலே அடைபட்டுவிட்டது. வேலிடிட்டி 28 நாள் என்பதால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ். ஒரு சிம்முக்கு 2,587 ரூபாய், மூன்றுக்கு 7,761 ரூபாய். சேலை அறுபடும் நாளுக்கும் வேலிடிட்டி முடியும் நாளுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. கூலி வருவதற்கு நான்கு நாள் முன்பு பேக் முடிந்துபோனால், அந்த நான்கு நாளும் முதலாளியின் டிசைன் வந்து சேராது.

இங்கிருந்து கொஞ்சம் பின்னால் போக வேண்டும். காஞ்சிபுரம் சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனாலும் மொபைல் வந்த காலத்தில் இது சென்னையோடு சேர்ந்த ஊராக இருக்கவில்லை. 1994-95-இல் உரிமங்கள் கொடுத்தபோது சென்னை தனி வட்டம், தமிழ்நாடு தனி வட்டம். மறைமலை நகரும் மாமல்லபுரமும் சென்னை வட்டத்தில் சேர்ந்தன. அப்போது அவற்றுக்கு மாவட்டத் தலைநகராக இருந்த காஞ்சிபுரம் தமிழ்நாடு வட்டத்தில் விழுந்தது. சென்னை சிம்மோடு காந்தி சாலையில் பட்டு வாங்க வந்தவர் வெளியூர் வட்டத்துக்குள் நுழைந்தவர் ஆனார். 2005-இல் இரண்டு வட்டங்களும் இணைந்த பிறகே இந்தக் கோடு அழிந்தது. அலைக்கற்றை யார் கையில், எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பது சாதாரண வியாபாரத்தைத் தொடும் சங்கதி என்று இந்த ஊருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பிறகு வந்தது போட்டிக் காலம். 2010 வாக்கில் தமிழ்நாட்டில் ஏர்டெல், ஏர்செல், வோடஃபோன், ஐடியா, ரிலையன்ஸ், டாட்டா டோகோமோ, எம்டிஎஸ், யூனினார், பிஎஸ்என்எல் என்று ஒன்பது பெயர்களைக் கடைப் பலகைகளில் பார்த்தோம். 2009 ஜூனில் தென்னிந்தியாவில்தான் டோகோமோ முதலில் கடை விரித்தது. நொடிக்கு ஒரு பைசா என்றது. அதுவரை பத்து நொடி பேசினாலும் ஒரு நிமிடத்துக்குக் காசு பிடித்துவந்த நிறுவனங்கள் எல்லாம் சில மாதங்களில் நொடிக் கணக்குக்கு மாறின. யாரும் ஆணையிட்டு அது நடக்கவில்லை. புதிதாக வந்த ஒருவருக்கு வாடிக்கையாளர் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

அந்தப் புதியவர்களில் பலர் வந்த வழி மோசமானது. 2008 ஜனவரி 10 அன்று பிற்பகல் 3.30-க்கும் 4.30-க்கும் இடையில், கையில் வரைவோலையோடு வந்தவர்களுக்கு ஒப்புதல் கடிதங்கள் வழங்கப்பட்டன. 2001-இல் நிர்ணயித்த 1,658 கோடி ரூபாய் விலையில், 'முதலில் வருபவருக்கு முதலில்' என்ற பெயரில், அந்தப் பெயருக்குக்கூட உண்மையாக இல்லாமல் நடந்த ஒதுக்கீடு அது. தலைமைத் தணிக்கையரான சிஏஜி 2010-இல் 1.76 லட்சம் கோடி என்ற இழப்பு மதிப்பீட்டை வெளியிட்டது. அமைச்சர் ஆ.ராசா பதவி விலகினார். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜி.எஸ்.சிங்வி, ஏ.கே.கங்குலி அமர்வு 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024-இல் விசாரணைக்கு ஏற்றது.

தமிழ்நாட்டில் இந்த வழக்கு தேர்தல் மேடைகளிலேயே அதிகம் பேசப்பட்டது. குற்றம் நடந்ததா, இல்லையா என்பதோடு நம் பேச்சு நின்றுவிட்டது. அந்த விவகாரம் நாட்டின் கொள்கையில் விட்டுச்சென்ற தழும்பைப் பற்றி நாம் பேசவே இல்லை. அதன் பிறகு எந்த அதிகாரியும் எந்த அமைச்சரும் அலைக்கற்றையைக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் கோப்பில் கையெழுத்துப் போடத் துணியவில்லை. ஏலத்தில் எத்தனை கோடி வந்தது என்பதே ஒரே மதிப்பெண் ஆனது. கூடுதலாக வந்தால் வெற்றி, குறைந்தால் ஊழலோ என்று சந்தேகம்.

இத்தனைக்கும் உச்ச நீதிமன்றம் ஏலத் தொகையே அளவுகோல் என்று சொல்லவில்லை. அதே 2012 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, இயற்கை வளங்களைக் கொடுக்க ஏலம் மட்டுமே வழி என்று அரசமைப்பு கட்டாயப்படுத்தவில்லை, பொது நன்மைதான் அளவுகோல் என்று விளக்கியது. அந்தக் கருத்து செய்தித்தாள்களில் ஒருநாள் வந்து மறைந்தது.

விளைவைப் பாருங்கள். 2012 நவம்பரில் நாடு முழுமைக்கும் 5 மெகாஹெர்ட்ஸுக்கு 14,000 கோடி என்று அடிப்படை விலை வைத்தார்கள். டெல்லி, மும்பை வட்டங்களில் கேட்கவே ஆள் இல்லை. 2015-இல் 1,09,874 கோடி வந்தது. பழைய உரிமங்கள் காலாவதியாகும் நிலையில், சொந்த வாடிக்கையாளரைக் காப்பாற்றிக்கொள்ள நிறுவனங்கள் கடன் வாங்கிக் கட்டிய பணம் அதில் பெரும்பங்கு. 2016-இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை முதல்முறையாக ஏலத்துக்கு வந்தது. ஒரு மெகாஹெர்ட்ஸ் 11,485 கோடி என்றார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் 6,568 கோடியாகக் குறைத்தும் யாரும் வரவில்லை. 2022-இல் 3,927 கோடிக்கு வந்தபோது ஜியோ மட்டும் வாங்கியது.

இந்த 700 மெகாஹெர்ட்ஸ் கதையில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதிர்வெண் குறையக் குறைய அலை தொலைவு போகும், சுவரைத் துளைத்து உள்ளே வரும். அதிர்வெண் கூடினால் ஒரே நேரத்தில் நிறைய டேட்டா அனுப்பலாம், ஆனால் சுவரோடு நின்றுவிடும். காஞ்சிபுரத்தின் பழைய நெசவாளர் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. முகப்பு குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் இருக்கும், சுவர்கள் கனமானவை. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவருக்குப் போன் வந்தால் அதை எடுத்துக்கொண்டு தெருவாசலுக்குப் போகும் காட்சி இங்கே சாதாரணம். அந்தச் சுவர்களுக்குள் நுழையக்கூடிய அலைக்கற்றை ஆறு ஆண்டுகள் விற்காமல் கிடந்தது. அலைக்கற்றை நிலக்கரியைப் போல் பூமிக்கடியில் காத்திருந்து பிறகு பயன்படுவதில்லை. பயன்படுத்தாத நாள் போனது போனதுதான். அந்த ஆறு ஆண்டுகளின் இழப்பை எந்தத் தணிக்கையரும் கணக்குப் போட்டு நம்மிடம் சொல்லவில்லை.

விலை ஏறிய ஏலங்கள் ஒருபுறம், 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கிய இலவசச் சலுகைகள் மறுபுறம். அந்தச் சலுகைகளால் மக்களுக்குக் கிடைத்த நன்மையை மறைக்க முடியாது. அரசுக் கணக்குப்படி 2014-இல் ஒரு ஜிபி டேட்டா சுமார் 269 ரூபாய். சில ஆண்டுகளில் அது பத்து ரூபாய் அளவுக்கு இறங்கியது. காஞ்சிபுரத்து நெசவாளர் கையில் இணையம் வந்ததே அதனால்தான். ஆனால் அந்தப் போட்டியைத் தாங்கும் பண பலம் ஒருசிலருக்கு மட்டுமே இருந்தது. மற்றவர்கள் கடனோடு மூழ்கினார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மூடியது. டாட்டாவின் மொபைல் வணிகத்தையும் டெலினார் என்று பெயர் மாறிய யூனினாரையும் ஏர்டெல் விழுங்கியது. 2018 ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. மிஞ்சியவர்களின் தலையிலும், வருவாயைக் கணக்கிடும் முறை பற்றிய 2019 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பல்லாயிரம் கோடி பாக்கியை இறக்கியது.

தமிழ்நாட்டுக்கு இதில் அதிகம் வலித்தது ஏர்செல். 1999-இல் இந்த மண்ணில் தொடங்கிய நிறுவனம். பிறகு மலேசிய மேக்சிஸ் கைக்குப் போனது. 2010 ஏலத்தில் தமிழ்நாட்டின் 3ஜி துண்டு ஒன்றின் விலை மட்டும் 1,465 கோடி அளவுக்கு ஏறியது. அந்த ஆண்டின் இரண்டு ஏலங்களிலும் சேர்த்து ஏர்செல் ஏறத்தாழ 10,000 கோடி கட்டியது. 2018 பிப்ரவரியில் கோபுர வாடகை பாக்கியால் டவர்கள் அணைந்தன. மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனுவோடு நின்றது. வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமானால் 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அனுப்ப சிக்னல் இல்லை. கடைப் பலகையிலும் சேலைப் பெட்டியிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த எண் திடீரென்று ஊமையானது. சிக்னல் கிடைக்கும் இடம் தேடி மாநிலம் முழுவதும் மக்கள் அலைந்தார்கள். ஏலத்தில் அதிக விலை வந்தது நாட்டுக்கு லாபம் என்று நாம் கைதட்டிய கணக்கில் அந்த நாட்களும் சேரவேண்டும்.

இப்படி எழுதுவதால் 2008-ஐ நியாயப்படுத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மக்களின் சொத்தைத் தெரிந்தவருக்கு மலிவாகக் கொடுப்பது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஏலம் அந்தத் தவறை அடைத்தது. ஆனால் போட்டியை உண்டாக்கும் பொறுப்பை ஏலம் தானாகச் செய்துவிடும் என்று நம்பியதுதான் பிழை. ஏலம் அமைக்கும் விதியில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கா 1994-இல் தன் அலைக்கற்றை ஏலத்தைத் தொடங்கியபோது, அதன் விதிகளை வகுக்க உதவிய பொருளியலாளர்கள் பால் மில்க்ரோம், ராபர்ட் வில்சன் இருவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிரிட்டன் 2000-ஆம் ஆண்டின் 3ஜி ஏலத்தில் ஐந்து உரிமங்கள் வைத்தது. அங்கே ஏற்கெனவே இருந்தவை நான்கு நிறுவனங்கள். ஐந்தில் பெரிய உரிமத்தைப் புதியவருக்கு என்றே ஒதுக்கியது. பதின்மூன்று பேர் கேட்க வந்தார்கள், அரசுக்கு 2,250 கோடி பவுண்டு வந்தது, ஐந்தாவது நிறுவனமும் சந்தையில் கால் ஊன்றியது. சில மாதங்களில் நெதர்லாந்து அதே ஏலத்தை நடத்தியது: ஐந்து உரிமம், ஐந்து பழைய நிறுவனங்கள். எதிர்பார்த்ததில் சிறு பங்குதான் வந்தது. கேட்பவர் எண்ணிக்கை குறைந்தால் அரசுக்கும் நட்டம், வாடிக்கையாளருக்கும் நட்டம். 2024 ஜூனில் நாம் பார்த்தது நெதர்லாந்தைத்தான்.

2024 கட்டண உயர்வுக்கு எதிர்ப்பு எழுந்தபோது மத்திய அரசு சொன்ன பதிலில் ஒரு வரி முக்கியமானது. மூன்று தனியார் நிறுவனங்களோடு ஒரு பொதுத்துறை நிறுவனமும் போட்டியில் இருக்கிறது என்றார்கள். மக்கள் அதை நம்பினார்கள். அந்த ஜூலையில் மட்டும் பிஎஸ்என்எல் சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்களைக் கூடுதலாகப் பெற்றது. போனவர்கள் அங்கே 4ஜி சிக்னலைத் தேடினார்கள். பிஎஸ்என்எல்லின் 4ஜி சேவை நாடு தழுவிய அளவில் தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27-இல், ஜியோ வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. 2010-இல் ஏலத்தில் கலந்துகொள்ளாத பிஎஸ்என்எல்லிடமும் ஏல விலையையே கேட்டு, சுமார் 18,500 கோடி வாங்கியது மத்திய அரசு. பின்னர் லட்சக்கணக்கான கோடிகளில் மறுசீரமைப்புத் திட்டங்களை அறிவித்தது. போட்டி தேவைப்பட்ட ஆண்டுகளில் அதன் கையில் கருவி இல்லை.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூட்டுறவுச் சங்கம் நன்றாக நடக்கும்போது சங்கத்தில் உறுப்பினராக இல்லாத நெசவாளருக்கும் கூலி நியாயமாக இருக்கும். சங்கம் கொடுக்கும் கூலிக்குக் கீழே முதலாளி வெகுதூரம் இறங்க முடியாது. இறங்கினால் ஆள் சங்கத்துக்குப் போய்விடுவார். சங்கத்தில் சேலை தேங்கி, பாவு கொடுக்க முடியாமல் போகும் காலத்தில் அந்தத் தரை நழுவிவிடும். பிஎஸ்என்எல்லின் வேலையும் இதுவே. எல்லோரும் அதன் வாடிக்கையாளர் ஆகவேண்டியதில்லை. போக ஓர் இடம் இருக்கிறது என்பது மற்றவர்களின் விலைப்பட்டியலில் தெரிய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாக்கிகளைப் பங்காக மாற்றியதால் 2025 ஏப்ரல் முதல் வோடஃபோன் ஐடியாவில் அரசின் பங்கு ஏறத்தாழ 49 சதவீதம். ஆக, அலைக்கற்றையை விற்பவர் அரசு, பாக்கி வசூலிப்பவர் அரசு, ஒரு போட்டியாளரின் முழு உரிமையாளர் அரசு, இன்னொன்றில் மிகப் பெரிய பங்குதாரரும் அரசு. கட்டணம் ஏறினால் அரசின் பங்கும் பலன் பெறும். இந்த நிலையில் 'விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லி ஒதுங்க அரசுக்கு உரிமை இல்லை. பத்து நிறுவனங்கள் மோதிய காலத்தில், கட்டணத்தில் தலையிடாமல் இருப்பது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எடுத்த முடிவு சரியாக இருந்தது. மூன்று நிறுவனங்களின் காலத்துக்கும் அதையே நீட்டிப்பது சரியில்லை.

டிராய் அசைந்தால் பலன் உண்டு என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. குறைந்த விலைத் திட்டத்தில் இருப்பவர்களால் 1900-க்குக் குறுஞ்செய்தியே அனுப்ப முடியாமல் இருந்தபோது, எந்தத் திட்டமானாலும் அதை அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. 2022-இல் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்றது. டேட்டா வேண்டாதவருக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி செய்தது. நிறுவனங்கள் அந்த விதிகளுக்கு உட்பட்டன, ஆனால் மனம் வைத்து உட்படவில்லை. அழைப்பு மட்டும் திட்டம் 84 நாளுக்கு ஏர்டெலில் 469 ரூபாய், ஜியோவில் 448 ரூபாய் என்று வந்தது. கையில் மொத்தமாக அந்தத் தொகை இருப்பவருக்கே அது உதவும். 28 நாளுக்கு அதே திட்டம் நூற்றைம்பது ரூபாய்க்கு ஏன் இல்லை என்று டிராய் கேட்க வேண்டும்.

அடுத்த ஏலத்தின் விதியில் மாற்றம் வேண்டும். ஒரு பகுதியைப் புதியவருக்கென்று ஒதுக்கலாம். அடிப்படை விலையைக் குறைத்து, அதற்கு ஈடாக நகரவாரியாகக் கோபுரக் கடமையை விதிக்கலாம். இன்று தமிழ்நாடு வட்டத்துக்கு அலைக்கற்றை வாங்கும் நிறுவனம் சென்னையில் அதை ஓட்டிவிட்டு, வாலாஜாபாத்துக்கும் உத்திரமேரூருக்கும் அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட முடிகிறது. காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் அலைக்கற்றையைத் திரும்பப் பெற 2023 தொலைத்தொடர்புச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தருகிறது. எந்த ஊரில் எந்த அலைக்கற்றை எத்தனை கோபுரங்களில் ஓடுகிறது என்ற பட்டியலை வெளியிட்டாலே அந்த அதிகாரத்துக்குப் பொருள் வந்துவிடும். காஞ்சிபுரம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒரே ஒரு கேள்வியாக இதைக் கேட்கலாம்.

இதே மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் உலகத்துக்கே போன் செய்து அனுப்புகிறார்கள். அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் நெசவாளர் ரீசார்ஜ் தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

டிராய் ஏலங்களுக்கு முன்னால் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். இதுவரை அதிகம் எழுதுவது நிறுவனங்களின் வழக்கறிஞர்களும் அவர்களின் சங்கங்களும்தான். காஞ்சிபுரத்துப் பட்டு கூட்டுறவுச் சங்கங்களும் காந்தி சாலை வணிகர்களும் நுகர்வோர் அமைப்புகளும் அடுத்த முறை எழுதட்டும். 28 நாள் கணக்கையும், வீட்டுக்குள் வராத சிக்னலையும், ஏர்செல் அணைந்த வாரத்தில் பட்ட பாட்டையும் எண்களோடு எழுதட்டும். தமிழிலேயே எழுதி அனுப்பட்டும். படிக்க வைப்பது ஆணையத்தின் கடமை.